காபி குடித்ததும் பி.பி. எகிறுகிறதா? எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்

கேள்வி: எனக்கு வயது 52. ஊர் ஸ்ரீரங்கம். எட்டு மாதமாக ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை, காலை டிபனுக்குப் பிறகு. தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம், எழுந்ததும் வெறும் வயிற்றில். அதைப் போட்டுக்கொண்ட பத்தாவது நிமிடம், ஆறு மணிக்கு முன்பே, காபி. காலையில் இரண்டு, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று என்று நாளைக்கு நாலு டம்ளர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வீட்டில் மூன்று பேர். 80-20 பொடி (காபி 80, சிக்கரி 20) மாதம் ஒன்றரைக் கிலோ ஆகிறது. பையன் பி.பி. மிஷின் வாங்கிக் கொடுத்தான். காலை ஏழு மணிக்கு அளந்தால் 152/94 அளவில் வருகிறது. ராத்திரி 134/84. காபிதான் காரணம் என்று ஒரேயடியாக நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். மறுநாள் மண்டை பிளந்தது. பி.பி. ஏறிவிட்டதோ என்று பயந்து தலைவலி மாத்திரை ஒன்று போட்டேன், சரியாயிற்று. மூன்றாம் நாள் பழையபடி காபி. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரையைக் கூட்டிவிடுவாரோ? காபியை விட்டுத்தான் ஆக வேண்டுமா? சிக்கரிதான் கெடுதல் என்கிறார்களே, உண்மையா? என் கணவரும் இதே காபியைத்தான் குடிக்கிறார், அவருக்கு 124-க்கு மேல் போவதே இல்லை.

பதில்: காபியை நீங்கள் விட வேண்டியதில்லை, குறைத்தால் நல்லது. அதைவிட அவசரமான வேலைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, அளக்கும் நேரத்தை மாற்றுவது. இன்னொன்று, தைராய்டு மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் உள்ள அந்தப் பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்குவது.

முதலில் அந்த 152. நீங்கள் காபி குடிப்பது ஆறு மணிக்கு முன்பு, அளப்பது ஏழு மணிக்கு. காபியிலுள்ள காஃபீன் அரை மணியில் வேலையைத் தொடங்கி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். நாள் முழுவதிலும் காபியின் பிடி அதிகமாக இருக்கும் நேரமாகப் பார்த்து மிஷினைக் கட்டியிருக்கிறீர்கள். காபியே குடிக்காதவர்களுக்கும் விடியற்காலையிலிருந்து அழுத்தம் தானாக ஏறும். விழித்தெழும்போது கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் செய்யும் வேலை அது. இரண்டும் ஒன்றுசேர்ந்த எண்தான் உங்கள் ஏழு மணிக் கணக்கு. அதை வைத்து மாத்திரையைக் கூட்டுவதும் சரியல்ல, காபியைக் குற்றவாளி ஆக்குவதும் சரியல்ல.

காஃபீன் உடம்பில் செய்வது இதுதான். அடினோசின் என்றொரு பொருள் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கும், தூக்கத்தையும் வரவழைக்கும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திக்கொண்டு துண்டைப் போட்டு வைக்கிறது. அடினோசினுக்கு இடம் கிடைக்காததால் குழாய்கள் சற்று இறுகுகின்றன. அட்ரினலினும் கொஞ்சம் கூடுகிறது. அழுத்தம் ஏறுகிறது, தூக்கமும் கலைகிறது. ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் காஃபீனை ஒரே தடவையில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால், மேல் எண் சராசரியாக 8, கீழ் எண் 6 புள்ளி அளவுக்கு ஏறியிருக்கிறது. ஏற்றம் மூன்று மணி நேரமாவது நின்றிருக்கிறது. பிறகு இறங்கிவிடும்.

தினமும் குடிப்பவர்களுக்கு உடம்பு சில நாட்களிலேயே பழகிக்கொண்டு இந்த ஏற்றத்தைக் குறைத்துவிடும். வருடக்கணக்காகக் காபி குடிப்பவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகளில், காபிப் பழக்கத்தால் புதிதாக ரத்த அழுத்த நோய் வருகிறது என்று தெளிவாகத் தெரியாததற்கு இது ஒரு காரணம். ஆனால் பழக்கம் எல்லோருக்கும் முழுசாக வந்துவிடுவதில்லை. ராத்திரி முழுக்கக் காபி இல்லாமல் இருப்பதால், காலை முதல் டம்ளருக்கு மட்டும் உடம்பு கொஞ்சம் புதுசு போலவே நடந்துகொள்ளும்.

உங்கள் கணவருக்கு ஏறாமல் உங்களுக்கு ஏறுவதில் விசித்திரம் எதுவும் இல்லை. காஃபீனை உடைப்பது ஈரலில் உள்ள ஒரு நொதி. அதன் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். குடித்த காஃபீனில் பாதி வெளியேற சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு மூன்று, சிலருக்கு ஏழு. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இன்னும் மெதுவாகும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படியே. அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் வழக்கமான காபியே படபடப்பைக் கொடுக்கலாம். சிகரெட் பிடிப்பவர்களுக்கோ காஃபீன் சீக்கிரம் வெளியேறும். சிகரெட்டை விட்டவர்களில் சிலர் கை நடுக்கம், தூக்கமின்மை என்று வருவதுண்டு. அதில் ஒரு பங்கு பழைய அளவிலேயே தொடரும் காபியால் வருவது. வீட்டில் யாராவது புகையை விட்டால் காபியையும் கூடவே குறைக்கச் சொல்லுங்கள்.

இனி அளக்கும் முறை. எழுந்து கழிவறைக்குப் போய்வந்த பிறகு, காபிக்கும் டிபனுக்கும் பி.பி. மாத்திரைக்கும் முன்பாக அளவெடுங்கள். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் அதுவே எண்ணை ஏற்றிவிடும். முதுகு சாயும் நாற்காலியில் உட்கார வேண்டும். தரையில் சம்மணம் வேண்டாம், கால்மேல் காலும் வேண்டாம். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பேச்சு, செல்போன், குக்கர் விசில் எண்ணுவது எதுவும் கூடாது. கையை மேஜைமேல் வையுங்கள், கைப்பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். கை கீழே தொங்கினால் எண் கூடுதலாகக் காட்டும்.

ரவிக்கைக் கையை மேலே சுருட்டி ஏற்றி, அதற்குக் கீழே பட்டையைக் கட்டுவது வீடுகளில் சாதாரணமாக நடக்கும் தவறு. சுருட்டிய துணி கயிறு கட்டியது போல் மேல்கையை இறுக்கி அளவைக் கெடுத்துவிடும். தளர்வான கை உள்ள உடையில் அளந்து பாருங்கள். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். ஒரு டேப்பை எடுத்து மேல்கையின் நடுச்சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். மிஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைக்கானது, பட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். உங்கள் கை 34 என்றால் அந்தப் பட்டை தினமும் பொய்யாகக் கூட்டித்தான் சொல்லும். பெரிய பட்டை தனியாக விற்கிறது, மிஷினை மாற்ற வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் மிஷினாக இருந்தால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னும் அதேபோல் இரண்டு. ஏழு நாள் இப்படிச் செய்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதுதான் கோடு. ஆஸ்பத்திரியின் 140/90 இல்லை. உங்கள் ராத்திரி எண் 134/84 கோட்டை ஒட்டித்தான் நிற்கிறது. ஆகவே காபிக்கு முந்தைய சராசரியே 135/85-ஐத் தாண்டினால், மருந்தின் அளவைப் பற்றி டாக்டர் யோசிப்பது நியாயமே. பழியைக் காபியின் தலையில் போட்டுத் தப்பிக்க முடியாது.

காபி உங்களுக்கு என்ன செய்கிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இதற்கு ஆறு காலைகள் வேண்டும்: மூன்று காபி நாள், மூன்று பால் நாள், மாற்றி மாற்றி. இரண்டு விதமான நாளிலும் 6.15-க்கு முதல் அளவு. 6.30-க்குக் காபி நாளில் வழக்கமான ஒரு டம்ளர் காபி. பால் நாளில் அதே டம்ளரில் அதே சர்க்கரையோடு சூடான பால். 7.15-க்கு இரண்டாவது அளவு, 8.30-க்கு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டு. டிபனும் பி.பி. மாத்திரையும் 8.30-க்குப் பிறகு. பால் நாளில் காபியை அப்போது குடித்துக்கொள்ளலாம், அதனால் தலைவலி வராது.

பால் நாள் எதற்கு என்றால், காலை ஏற்றம் காபி இல்லாமலும் இருக்கும் என்பதால்தான். காபி நாளில் 10 புள்ளி ஏறி, பால் நாளிலும் 7 ஏறினால், காபியின் பங்கு வெறும் 3. பெரும்பாலானோர் பால் நாளை விட்டுவிட்டுக் காபிக்கு முன், காபிக்குப் பின் என்று மட்டும் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம் 5-க்குக் கீழ் என்றால் காபியை மறந்துவிடுங்கள். 5 முதல் 10 வரை என்றால் காபி உங்களை ஓரளவு தொடுகிறது. நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்தி, அளவெடுக்கும் நேரத்திலிருந்து தள்ளி வைத்தால் போதும். பத்துக்கு மேல் போனால் ஒரு டம்ளராக்குங்கள், அதையும் இளசாக. ஒரு நாளில் வந்த ஒற்றை எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். அடுத்தடுத்து அளந்தாலே நாலைந்து புள்ளி முன்பின்னாகும்.

நீங்கள் குடிப்பது எவ்வளவு காஃபீன் என்பதற்கு உங்கள் மாதக் கணக்கே போதும். ஒன்றரைக் கிலோ, மூன்று பேர், முப்பது நாள்: ஆளுக்கு நாளைக்குச் சுமார் 17 கிராம் பொடி. 80-20 என்பதால் அதில் காபி 13 கிராம் சொச்சம். கொட்டை அரபிக்கா வகையாக இருந்தால் நூற்றுக்கு 1.2 அளவில் 160 மில்லிகிராம் காஃபீன். முழுக்க ரோபஸ்டா வகை என்றால் நூற்றுக்கு 2.2 அளவில் 290-ஐத் தொடும். இரண்டும் கலந்திருந்தால் நடுவில் எங்காவது நிற்கும். பொடியில் இருப்பதெல்லாம் டிகாக்ஷனில் இறங்காது என்பதால் இது மேல் வரம்பு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு 200. ஆக நீங்கள் எல்லையைத் தாண்டவில்லை.

கடையில் அரைக்கும்போது என்ன கொட்டை என்று கேளுங்கள். பிளான்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்திய அரபிக்கா. பார்ச்மென்ட் என்றால் கழுவிய ரோபஸ்டா. செர்ரி என்பது பழத்தோடு உலர்த்தியது, இரண்டிலும் உண்டு. பீபெரி என்பது கொட்டையின் உருவம் மட்டுமே, அதுவும் இரண்டிலும் உண்டு. ‘ஸ்ட்ராங்காக வேண்டும்’ என்று கேட்டால் ரோபஸ்டாவைக் கூட்டிப் போடுவது கடைக்காரர் வழக்கம். காஃபீனும் அதோடு ஏறும். பிளான்டேஷனை அதிகமாக்கச் சொல்லுங்கள்.

சிக்கரியைப் பாவம், எல்லோரும் திட்டுகிறார்கள். அது ஒரு செடியின் வறுத்த வேர், அதில் காஃபீன் துளியும் கிடையாது. 80-20-ஐ 60-40 ஆக்கினால் நிறமும் கெட்டித்தன்மையும் அப்படியே இருக்க, காஃபீன் கால் பங்கு குறையும். சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம், பாக்கெட்டில் விகிதம் போட்டிருக்க வேண்டும். சுவை எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம், மருத்துவக் குற்றம் எதுவும் சிக்கரிமேல் இல்லை. பால் ஊற்றினால் காஃபீன் செத்துவிடும் என்பதும் கதை. பால் அளவைப் பெருக்கும், காஃபீனைக் குறைக்காது. காஃபீன் பெரும்பாலும் முதல் டிகாக்ஷனிலேயே இறங்கிவிடும். அதனால் இரண்டாம் டிகாக்ஷனில் போடும் சாயங்காலக் காபி உண்மையிலேயே இளசு. சுக்குக் காபியில் காபியே இல்லை, ஆனால் கருப்பட்டி இருக்கிறது.

கருப்பட்டி என்றதும் சர்க்கரை. நாலு டம்ளர், எட்டு ஸ்பூன், நாளைக்கு 35 முதல் 40 கிராம். உணவில் தனியாகச் சேரும் சர்க்கரை மொத்தமே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் காபியில் ரத்த அழுத்தத்துக்கு நீண்ட காலத்தில் கெடுதல் எது என்று கேட்டால், நான் டிகாக்ஷனைவிடச் சர்க்கரையைத்தான் காட்டுவேன். எடை ஏறினால் அழுத்தமும் ஏறும். வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்து ஒரு ஸ்பூனுக்கு வாருங்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல் ஆகியவற்றின் உப்பைத் தொடாமல் காபியை மட்டும் தியாகம் செய்தால் பெரிய பலன் இராது.

இப்போது அந்தத் தலைவலி. தினமும் காஃபீனுக்குப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். இரண்டு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம் வரை இழுக்கும். காஃபீன் போனதும் தலையிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிவதால் வருவது அது, பி.பி. ஏறியதால் அல்ல. நீங்கள் போட்ட மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பாராசிட்டமாலோடு காஃபீன் 30, 50 அல்லது 65 மி.கி. என்று போட்டிருந்தால், நீங்கள் செய்தது மாத்திரை வடிவில் அரை டம்ளர், ஒரு டம்ளர் காபி குடித்ததுதான். தலைவலிக்கோ மூட்டுவலிக்கோ டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்; அவை பி.பி.யை ஏற்றும். மூக்கடைப்புக்குத் தரும் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகளும் அப்படித்தான்.

குறைப்பதாக இருந்தால் பதினோரு மணிக் காபியிலிருந்து ஆரம்பியுங்கள். நாலு நாள் அதைப் பாதி டிகாக்ஷனில் குடியுங்கள், அடுத்த நாலு நாள் கால் பங்கில், பிறகு மோர். அது நிலைத்த பின் காலை இரண்டாவது டம்ளர். சாயங்காலம் நாலு மணிக் காபியில் பாதி காஃபீன் ஒன்பது, பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் தாமதமாகிறது, நடுராத்திரி விழிப்பு வருகிறது என்றால் அதை மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள் அல்லது இரண்டாம் டிகாக்ஷனுக்கு மாறுங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் அழுத்தம் ஏறும். முதல் டம்ளரைத் தொட வேண்டாம். அதைப் பறித்தால் மற்ற எதுவும் நிலைக்காது.

தைராய்டு மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். லெவோதைராக்சினைக் குடல் உறிஞ்சுவதைக் காபி தடுக்கும். பத்து நிமிட இடைவெளி போதாது. அரை மணியாவது வேண்டும், ஒரு மணி நேரம் உத்தமம். மருந்து சரியாக ஏறாமல் தைராய்டு குறைவாகவே நின்றால், அதுவே கீழ் எண்ணை உயர்த்தும். உங்களுடைய 94-இல் இதற்கும் பங்கு இருக்கலாம். ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குக் காபி என்று வைத்துக்கொண்டால் அளவெடுப்பதற்கும் நடுவில் நேரம் கிடைத்துவிடுகிறது. அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதென்றால், ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், அதுவும் செல்லும். இடைவெளியை மாற்றி ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும், மருந்து திடீரென்று நன்றாக ஏறத் தொடங்கினால் அளவைக் குறைக்க வேண்டியும் வரலாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் அதையும் காபியிலிருந்து தள்ளி வையுங்கள். அம்லோடிபினுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அது உடம்பில் நெடுநேரம் நிற்கும் மருந்து. காபிக்கு முன்னா பின்னா என்பதைவிட ஒரு நாளும் விடாமல் சாப்பிடுவதுதான் கணக்கு.

காபியைப் பற்றி நான் கண்டிப்பாகப் பேசும் ஒரு கட்டம் உண்டு. ஜப்பானில் 18,000-க்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ 19 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ரத்த அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில், நாளைக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ காபி குடித்தவர்கள் இதயநோய், பக்கவாதத்தால் இறந்தது, குடிக்காதவர்களைப்போல இரண்டு மடங்கு. ஒரு கோப்பையோடு நின்றவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. காபிதான் கொன்றது என்று இது நிரூபிக்கவில்லை. ஆனாலும் அழுத்தம் கட்டுக்குள் வராத ஒருவரிடம் தினமும் ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு இது போதும். காபிக்கு முந்தைய உங்கள் சராசரி 160/100-ஐத் தொட்டால் நீங்களும் அந்தக் கணக்கில் சேருவீர்கள். இப்போதைய எண்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

டாக்டரிடம் போகும்போது ஏழு நாள் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் கடைசிக் காபி எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்கட்டும். மிஷினையும் கொண்டுபோய் அவருடைய கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரையைக் கூட்டுவதா என்பதை அந்தத் தாளைப் பார்த்து அவர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்தவோ இரட்டிப்பாக்கவோ வேண்டாம். இடையில் எப்போதாவது 180/120 அளவுக்குக் காட்டினால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து திரும்ப அளவெடுங்கள். அப்போதும் அதே எண் என்றால், வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போதல், வாய் கோணுதல், பேச்சு குழறல், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.